தூக்குக்குப் பதிலாக

லண்டன் ஓல்டு பெய்லி நீதிமன்றத்துக்கு 1808-இல் ஒரு வழக்கு வந்தது. பத்துப் பவுண்டு வங்கி நோட்டு ஒன்றைத் திருடியதாக ஒரு பெண் மேல் குற்றச்சாட்டு. பத்துப் பவுண்டுக்கு 200 ஷில்லிங் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் சத்தியம் செய்துவிட்டு உட்கார்ந்த ஜூரிகள், திருட்டுப்போன பொருளின் மதிப்பு 39 ஷில்லிங் என்றார்கள். ஒரு வீட்டிலிருந்து 40 ஷில்லிங்கோ அதற்கு மேலோ களவாடினால் தூக்கு என்றது அன்றைய சட்டம். அதற்கு ஒரு ஷில்லிங் கீழே நின்று அந்த உயிரை மீட்டார்கள்.

இப்படி அடிக்கடி நடந்தது. 1827-இல் அந்த வரம்பை ஐந்து பவுண்டாக உயர்த்தினார்கள். உடனே ஜூரிகளின் மதிப்பீடும் 99 ஷில்லிங்குக்கு ஏறியது. ஆணையிட்டுச் சொன்ன பொய்தான், சந்தேகமில்லை. ஆனால் வள்ளுவர் பொய்க்கென்று விட்டுவைத்த சிறு வாசல் வழியே இவர்கள் தாராளமாக உள்ளே வரலாம். அவர்கள் பொய் சொன்னதைவிட, யாருக்காகச் சொன்னார்கள் என்பதே உறுத்துகிறது. பார்த்தால் பரிதாபம் தோன்றும் முகத்துக்கு 39 ஷில்லிங். ஊர் பேர் தெரியாதவனுக்கும் கெட்ட பெயர் எடுத்தவனுக்கும் அதே தயவு கிடைக்கும் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

உத்தரவாதம் இல்லாததே நல்லது என்று வாதிட்டவர்களும் இருந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் 200-க்கு மேற்பட்ட குற்றங்களுக்கு மரண தண்டனை எழுதப்பட்டிருந்தது. ஆடு திருடினாலும் தூக்கு, கடையில் ஐந்து ஷில்லிங் பொருளை மறைத்து எடுத்தாலும் தூக்கு. தண்டனை பெற்றவர்களில் பெரும்பாலோர் மன்னரின் மன்னிப்பால் தப்பினார்கள். வலையை அகலமாக வீசி, அகப்பட்டவர்களில் சிலரை மட்டும் தூக்கிலிடுவதே அறிவுடைமை என்று வில்லியம் பேலி என்ற பாதிரியார் 1785-இல் அறநூல் ஒன்றிலேயே எழுதினார். அந்த ஏற்பாட்டில் ஏழைக்கு உயிர் உரிமையாக இல்லை, பெரிய மனிதர்களின் சிபாரிசால் கிடைக்கும் கொடையாக இருந்தது. கொடுப்பவருக்கு அது எவ்வளவு வசதி என்பதைப் பேலி எழுதவில்லை.

இதை எதிர்த்து நின்றவர் சாமுவேல் ரோமிலி. பிக்பாக்கெட் குற்றத்திலிருந்து தூக்கை அகற்றும் சட்டத்தை அவர் 1808-இல் நிறைவேற்றினார். ஐந்து ஷில்லிங் கடைத்திருட்டுக்கான மசோதா 1810-இல் காமன்ஸ் சபையைக் கடந்தது. பிரபுக்கள் சபையில் தோற்றது. தலைமை நீதிபதி எலன்பரோ அதை எதிர்த்துப் பேசினார். எதிர்த்து வாக்களித்தவர்களில் கான்டர்பரி பேராயர் உட்பட ஏழு ஆயர்களும் இருந்தார்கள். ரோமிலி 1818-இல் இறக்கும்வரை அந்த மசோதா சட்டமாகவில்லை.

பிறகு காற்று திசைமாறியதற்குக் கருணை மட்டும் காரணமல்ல. 1830-இல் நூற்றுக்கணக்கான வங்கிக்காரர்கள் கள்ளக் கையெழுத்துக் குற்றத்துக்குத் தூக்கு வேண்டாமென்று நாடாளுமன்றத்துக்கு மனுக் கொடுத்தார்கள். தூக்கு இருப்பதால் சாட்சிகள் தயங்குகிறார்கள், ஜூரிகள் விடுதலை செய்கிறார்கள், தங்கள் பணத்துக்குப் பாதுகாப்பில்லை என்பது அவர்கள் குறை. லாபக் கணக்கில் வந்த இரக்கம்தான். இருந்தாலும் தப்பிய கழுத்துக்கு அது ஒரு குறையல்ல. நோக்கம் தூய்மையாகும்வரை தூக்குமரம் காத்திருக்கட்டும் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அந்த நோக்கத்தின் தடம் பதிலாக வந்த தண்டனையில் பதிந்திருந்தது. தண்டனை நிச்சயமாக விழ வேண்டும் என்று கேட்டவர்களுக்கு, அது எவ்வளவு கனமாக விழுகிறது என்பதில் அக்கறை குறைவு.

1832-இல் ஆடு, மாடு, குதிரைத் திருட்டுகளுக்குத் தூக்கு ஒழிந்தது. அந்த இடத்தில் வந்தது ஆயுள் முழுவதும் நாடுகடத்தல்; அதைக் குறைக்கும் விருப்புரிமைகூட நீதிபதிக்கு இல்லை. சில ஆண்டுகளிலேயே அதையும் தளர்த்தச் சட்டம் கொண்டுவர வேண்டியதாயிற்று. ஓர் ஆட்டுக்காக ஒருவனைப் பெண்டாட்டி பிள்ளைகளிடமிருந்து பிரித்து, திரும்பி வரவே முடியாத கடலுக்கு அப்பால் அனுப்புவது நியாயமா என்று தனியாகக் கேட்டிருந்தால் பலர் முகம் சுளித்திருப்பார்கள். "தூக்குக்குப் பதிலாக" என்று முன்னால் ஒட்டிவிட்டதால் அது தயவாகத் தெரிந்தது.

அந்தத் தயவை வாங்கிக்கொள்ள வேண்டியவர்கள் அதை எப்படிப் பார்த்தார்கள் என்பதற்கும் ஓல்டு பெய்லியிலேயே சான்று உண்டு. 1789-இல், தூக்குத் தண்டனை பெற்றிருந்த பெண்களை வரிசையாக நிறுத்தி, ஆஸ்திரேலியாவுக்குப் போக ஒப்புக்கொண்டால் உயிர்ப்பிச்சை என்று மன்னர் பெயரால் சொன்னார்கள். சிலர் மறுத்தார்கள். அந்நியத்தில் உயிரோடு இருப்பதைவிடச் சொந்த மண்ணில் சாகிறேன் என்றாள் ஒருத்தி. நன்றிகெட்டவர்கள் என்று அதிகாரிகளுக்குக் கோபம். அந்தப் பெண்கள் பேசியது வெறும் வீம்பு அல்ல. மறு ஆண்டு சிட்னிக்குப் போய்ச் சேர்ந்த இரண்டாம் கப்பல் தொகுதியில் ஏறிய கைதிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் வழியிலேயே இறந்தார்கள்.

நாடுகடத்தல் இந்திய தண்டனைச் சட்டத்திலும் 1860 முதல் இருந்தது. 1955-இல்தான் அதை ஆயுள் சிறையாக மாற்றினார்கள். இப்போது அதே பழைய அளவுகோல் வேறு வடிவில் வந்திருக்கிறது. தூக்கு அளவுக்குக் குற்றம் கனக்கவில்லை, சாதாரண ஆயுள் தண்டனையும் போதாது என்று தோன்றினால், தண்டனைக் குறைப்புக்கே இடமில்லாமல் நீண்ட ஆண்டுகளோ ஆயுள் முழுவதுமோ சிறையில் வைக்க உத்தரவிடலாம் என்று உச்ச நீதிமன்றம் 2008-இல் சொன்னது. 2015-இல் அரசியல் சாசன அமர்வின் பெரும்பான்மை அதை உறுதிசெய்தது. இங்கே பேசப்படுவது கொலைக் குற்றம், ஆட்டுத் திருட்டு அல்ல. பறிகொடுத்த குடும்பத்தின் துயரும் தராசில் ஏறத்தான் வேண்டும். என்றாலும், முப்பது ஆண்டு சிறையில் திருந்திய மனிதனையும் திருந்தாதவனையும் ஒரே கதவுக்குப் பின்னால் கடைசிவரை வைத்திருப்பதற்குத் தனியாக ஒரு நியாயம் சொல்லியாக வேண்டும். கயிற்றைக் காட்டி, அதைவிட இது மேல் என்று சொல்வது அந்த நியாயம் ஆகாது.