பரீட்சை

ஒரு பட்டாசு நல்ல பட்டாசுதானா என்று தெரிந்துகொள்ள வழி ஒன்றே ஒன்றுதான்: கொளுத்திப் பார்க்க வேண்டும். பார்த்து முடித்ததும் பட்டாசு இருக்காது. காகிதத் துணுக்குகள்தாம் இருக்கும். எங்கள் விருதுநகர்ச் சீமையில் இது குழந்தைக்கும் தெரிந்த விஷயம். வெடிக்கும் இடத்துக்கு நான்கு மீட்டர் தள்ளி அளந்தால் ஓசை 125 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று 1999-ல் விதி வந்தது. அளக்கிறார்கள், 'சரி' என்று எழுதுகிறார்கள். எது சரி? போய்விட்ட பட்டாசு சரி. பெட்டிக்குள் இருக்கிற அதன் உடன்பிறப்புகளைப் பற்றி நமக்கு இருப்பது நம்பிக்கை மட்டுந்தான். சோற்றுப் பதம் பார்க்கிற நம்பிக்கை.

என் தங்கை மகன் சென்னைக்குப் பக்கத்தில், கார்களுக்கு மின்னணுப் பெட்டிகள் செய்யும் தொழிற்சாலையில் இருக்கிறான். பிரேக்கைப் பிடிப்பதும் விடுவதும் இந்தக் காலத்தில் அப்படியொரு சின்னப் பெட்டிக்குள் எழுதி வைத்த கட்டளைகளின் வேலை. அதை எடுத்த எடுப்பில் ரோட்டுக்குக் கொண்டு போவதில்லையாம். மேஜைமேல் வைத்து, கம்பிகளைப் பூட்டி, இன்னொரு யந்திரத்தை விட்டு அதனிடம் பொய் சொல்லச் சொல்கிறார்கள். 'மழை பெய்கிறது, சக்கரம் வழுக்குகிறது, வேகம் நூறு' என்கிறது யந்திரம். பெட்டியும் அதை நம்பி, பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்கிறது, பாவம்! இரவெல்லாம், பக்கத்தில் ஓர் ஆள்கூட இல்லாமல், ஆயிரம் விதமாக இந்தப் பரீட்சை நடக்கிறது.

"பட்டாசு மாதிரி இல்லை மாமா. எத்தனை தடவை சோதித்தாலும் தேயாது. ஒன்று சரியென்றால் அத்தனை வண்டியிலும் சரி" என்றான்.

"ஒன்றில் தப்பு இருந்தால்?"

"அத்தனை வண்டியிலும் தப்பு" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

1996 ஜூன் 4-ந் தேதி ஐரோப்பியர்களின் ஏரியான் 5 ராக்கெட் கிளம்பிச் சுமார் நாற்பது வினாடியில் சிதறிப் போயிற்று. ஏரியான் 4-ல் ஒழுங்காக ஓடிய கட்டளைகளையே இதிலும் வைத்திருந்தார்கள். புதியதன் பக்கவாட்டு வேகம் அதிகம். அந்த எண் தனக்கு ஒதுக்கிய இடத்தில் அடங்கவில்லை. புது ராக்கெட்டின் பாதையைப் பொய்யாகக் காட்டி முன்பே சோதித்திருந்தால் குறை வெளிப்பட்டிருக்கும் என்றது விசாரணைக் குழு. கேட்க வேண்டிய கேள்வியை யாரும் கேட்கவில்லை.

கேள்வியும் கேட்டு, விடையும் வந்துவிட்டால்? சிவகாசிக்கு அருகே முதலிபட்டியில் 2012 செப்டம்பர் 5-ந் தேதி தீப்பிடித்த ஆலைக்கு, விதிமீறல்களுக்காக லைசென்ஸ் ஏற்கெனவே நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. அதாவது, பரீட்சையில் தோற்றாயிற்று. வேலை மட்டும் நிற்கவில்லை. தீபாவளி நெருங்கும் மாதம் அல்லவா? சுமார் 40 பேர் மாண்டார்கள். பலர் அங்கே வேலை செய்தவர்கள்கூட அல்ல. புகையைக் கண்டு ஓடி வந்த அக்கம்பக்கத்து மனிதர்கள்.

யந்திரம் களைப்பதில்லை, லஞ்சம் வாங்குவதில்லை, தெரிந்த முதலாளி என்று கண்ணை மூடிக்கொள்வதில்லை. அப்படியொரு பரிசோதகர் எங்கள் ஊருக்கும் கிடைத்தால் நல்லதுதான். ஆனால் விடிந்ததும் அது எழுதி வைத்த 'தோல்வி' என்ற வரியைப் படிக்கிறவன் மனிதன். வாசலில் சரக்கு ஏற்ற லாரி நிற்கிறது.

"லாரியை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் உனக்கு உண்டா?" என்று மருமகனைக் கேட்டேன்.

"மேலே கேட்க வேண்டும் மாமா."

"மேலே யார்?"

சற்று யோசித்தான். "அது ஒரு கமிட்டி" என்றான்.