கயிற்றின் கணக்கும் ஊழும்

இஸ்ரோவின் தலைவர்கள் ஏவலுக்கு முன் ரொக்கெட்டின் சிறு மாதிரியைத் திருமலைக்குக் கொண்டுபோய் வழிபடுவது வழக்கம். ஒவ்வொரு முறையும் ஒரு சாரார் சிரிக்கிறார்கள்: கணக்குச் சரியென்றால் கும்பிடு எதற்கு? மறுசாரார் திருப்பிக் கேட்கலாம்: கும்பிட்டவருக்குப் பத்துப் பரசூட்டுகள் எதற்கு? மனிதரை விண்ணுக்கு ஏற்றிச்செல்வதற்கான இஸ்ரோவின் ககன்யான் கலத்தில் அத்தனை இருக்கின்றன. பிரதானமான மூன்றில் இரண்டு விரிந்தாலே கலம் பத்திரமாக இறங்கும். இரு கேள்விகளும் ஒரே பிழையில் நிற்கின்றன. தேவைக்கு மேல் வைத்த பலத்தை அவநம்பிக்கை என்றே இரண்டும் எடுத்துக்கொள்கின்றன. எனக்கோ அது மனிதனின் பொறுப்பு எதுவரை என்று நட்ட எல்லைக்கல்லாகத் தெரிகிறது. ஊழைப் பற்றிய பேச்சு அந்தக் கல்லுக்கு அப்பால்தான் தொடங்க வேண்டும்.

பெரிய ரொக்கெட்டுகளைப் பொழுதுபோக்காக விடுபவர்கள் பரசூட்டுக்கான மீட்புக் கயிற்றைத் தெரிவுசெய்யும் விதத்தில் இது தெளிவாகும். 10 கிலோ ரொக்கெட் சும்மா தொங்குவதற்கு 10 கிலோ தாங்கும் கயிறு போதும். ஆனால் பரசூட் விரியும் கணத்தில் வேகம் இரு மடங்காக இருந்தால் இழுவை நான்கு மடங்காகிறது. ஆகவே எடையைப்போல் 50 மடங்கு, அதாவது 500 கிலோ தாங்கும் கயிறு என்பது அவர்களிடையே புழங்கும் ஒரு கைக்கணக்கு. ஒரு முடிச்சே பலத்தில் பாதியைத் தின்றுவிடக்கூடும். பலம் மட்டும் போதாது என்பதும் உண்டு: கெவ்லர் சூட்டைத் தாங்கும், ஆனால் நீளாது, அதிர்ச்சியை அப்படியே கயிறு மாட்டிய கொளுவியின்மேல் இறக்கும். கயிறு நிற்கும், கொளுவி பிய்ந்துபோகும். நைலோன் நீண்டு கொடுத்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும், ஆனால் ரொக்கெட்டைப் பிரித்துப் பரசூட்டை வெளியே தள்ளும் வெடிமருந்தின் சூட்டில் உருகும். அதனால் மருந்துக்கு அருகே கெவ்லரும் மேலே நைலோனுமாகக் கட்டுவார்கள். கயிறு குட்டையாக இருந்தால், பிரிந்த பாகங்களின் வேகம் தணியுமுன்னே அது விறைத்துவிடும். ரொக்கெட்டின் நீளத்தைப்போல் மூன்று முதல் ஐந்து மடங்கு விடுவது அதற்காகத்தான். இதில் அந்த 50 எந்தச் சமன்பாட்டிலும் பிறந்ததல்ல. பரசூட் எந்த வேகத்தில் விரியும் என்று முன்கூட்டித் தெரியாது; அந்தத் தெரியாமைக்கு இட்ட எண் அது. தன் அறிவு முழுமையானது என்ற மயக்கத்தைச் சைவ சித்தாந்தம் ஆணவத்தோடு சேர்க்கும். கணக்கில் வந்த பாரத்துக்கு மட்டும் கயிறு வாங்குபவரிடம் அதைத் தாராளமாகக் காணலாம்.

நடப்பது நடந்தே தீரும் என்பவர்கள் 1967 ஏப்ரலில் சோயுஸ் 1 கலத்தில் மாண்ட விளாடிமிர் கொமரோவைக் காட்டலாம். அவருடைய பிரதான பரசூட் பெட்டிக்குள்ளிருந்து வெளியே வரவில்லை. மாற்றுப் பரசூட்டும் சிக்கிக்கொண்டது. இவை தேடிக் கண்டறியப்பட்ட காரணங்கள். கண்டறியக்கூடியதை ஊழின் தலையில் கட்டுவது ஊழுக்கே இழைக்கும் அநியாயம். வள்ளுவர் ஊழுக்கு 38ஆம் அதிகாரத்தைத் தந்தவர், ஆள்வினையுடைமைக்கு, அதாவது விடாமுயற்சிக்கு, 62ஆம் அதிகாரத்தையும் தந்தார். கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு கோயில் தேர்வடத்தை மாற்றினால், அதை நாம் பக்திக் குறைவென்று சொல்லமாட்டோம்.

எல்லாவற்றுக்கும் மிகைப்பலம் இருந்தால் வழிபாட்டுக்கு வேலை என்ன என்ற எதிர்க்கேள்வி கடினமானது. மிகைப்பலம் நாம் ஊகித்த ஆபத்துக்குத்தான் காவல். ஊகிக்காத ஒன்று எப்போதும் மிஞ்சும். 1971 ஓகஸ்ட் 7 அன்று அப்பலோ 15 கடலில் இறங்கியபோது மூன்று பரசூட்டுகளில் ஒன்று சுருங்கிப்போனது. வெளியேற்றிய எரிபொருளே அதைப் பழுதாக்கியிருக்க வேண்டும் என்று விசாரணை கருதியது. மற்ற இரண்டும் கலத்திலிருந்த மூவரையும் உயிரோடு இறக்கின. அவர்கள் கடவுளுக்கு நன்றி சொல்லியிருந்தால் அதில் குறை காண எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் பொறியியலாளர்கள் அதை அருள் என்று அப்படியே விட்டுவிடாமல், எரிபொருளை வெளியேற்றும் முறையைப் பிறகு மாற்றினார்கள்.