இயந்திரம் அறியுமோ?

(ஹாலிஎலையிற் சைவாசிரியர்கட்கு நிகழ்த்திய பிரசங்கம்)



செயற்கை நுண்ணறிவு என்னும் பெயர் இந்நாளில் எங்கும் வழங்குகின்றது. நுண்ணறிவு என்னுஞ் சொல்லோ நமக்குப் புதிதன்று. ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சைக்கு மாணாக்கரைப் பயிற்றும் நீவிர் நாடோறும் அதனை எடுத்தாளுகின்றீர். அதற்குப் பொருள் யாதென ஒருவர் வினவின், வினாத்தாளிற் சரியான விடையைக் குறிக்கும் ஆற்றல் என்பதன்றி வேறு கூறவல்லேமோ? இடர்ப்பாடு அவ்விடத்தே தொடங்குகின்றது.

ஆங்கில அறிஞராகிய அலன் டூரிங் என்பார் 1950 ஆம் ஆண்டில், இயந்திரம் சிந்திக்குமோ என்னும் வினாவைத் தெளிவற்றதென ஒதுக்கி, அதனிடத்து ஒரு விளையாட்டை வைத்தனர். மறைவிலிருந்து எழுத்தால் விடையிறுப்பது மனிதனோ இயந்திரமோ என்று கேட்போனாற் பிரித்தறிய இயலுமோ என்பதே அவர் கொண்ட சோதனை. 1980 இல் அமெரிக்கராகிய ஜோன் சேர்ள் இதனை மறுத்தனர். சீனமொழி அறியாத ஒருவன் அறையினுள்ளிருந்து, விதிநூலைப் பார்த்துச் சீன எழுத்துக்களை அடுக்கிப் பிழையற விடை தரினும், அவன் சீனம் உணர்ந்தவனல்லன் என்றனர். முன்னவர் செயலைக் கொண்டு அளந்தார். பின்னவர் உணர்வைக் கொண்டு அளந்தார். செயல் புறத்தே தோன்றும், உணர்வு தோன்றாது. ஆதலின் வழக்கு இன்னுந் தீர்ந்திலது.

நம் மலைநாட்டுத் தேயிலைத் தொழிற்சாலைகளிலே நிறம் பார்த்துக் காம்பை வேறாக்கும் இயந்திரம் உண்டு. அது காம்பை அறிந்தது என்போமோ? கொழுந்து கொய்யும் தாயின் விரலும் முற்றிய இலையை விட்டு, இரண்டிலையும் மொட்டுமே பற்றுகின்றது. எவ்வாறு தெரிந்தாய் எனின், அவளும் விதி சொல்ல மாட்டாள். செயலளவில் இரண்டும் ஒன்றுபோலும். ஆயினும் குளிர் உறுத்தலும் கூடை கனத்தலும் அவட்கே உள.

இயந்திரம் சடம், சடம் அறியாது, முடிந்தது என்பார் நம்மவருள் உளர். அவ்வளவில் அமைதல் சாலாது. மெய்கண்டதேவர் சிவஞானபோதம் மூன்றாஞ் சூத்திரத்தில் நமது உடம்பையே மாயையாலாகிய இயந்திரம் என்றருளினார். மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்பன ஆன்மா அல்ல, அரசனுக்கு அமைச்சர் போல்வன என்பது நான்காஞ் சூத்திரத்திற் பெறப்படும். அவ்வமைச்சரும் மாயாகாரியமாகிய சடமே. பற்றுதல், ஐயுறுதல், நிச்சயித்தல் என நாம் சிந்தனை என்று போற்றுவனவெல்லாம் கருவிகளின் தொழில். பிறிதொரு சடம் அவற்றுட் சிலவற்றைச் செய்யுமாயின், சைவர்க்கு அது பெருவியப்பன்று. அமைச்சர் தொழில் காணப்பட்டதனால் அரசன் உளன் என்பது துணியப்படுமோ என்பதே கடா. உயிரும் உணர்த்த உணர்வதுதானே, இயந்திரமும் பயிற்றப் பயில்கின்றதே எனின், பயிறலும் உணர்தலும் ஒன்றென்று முதலில் நாட்டல் வேண்டும். இயந்திரத்தில் உயிரில்லை என்றே யான் துணிவேன். ஆயினும் அத்துணிவு அதன் விடைகளை ஆராய்ந்து பெற்றதன்று.

விடைகளை மாத்திரம் நோக்கி அறிவை அளத்தல் என் பழக்கமுமாயிருந்தது. ஒருநாள் வகுப்பில் அந்தக்கரணங்களை வினவினேன். முதல் வாங்கிலிருந்த பிள்ளை நான்கனையும் இலக்கணத்துடன் ஒப்பித்தது. கைத்தொலைபேசியிற் கேட்டிருப்பினும் அவ்விடையே வந்திருக்கும். கடைசி வாங்கில், லயத்திலிருந்து வரும் சிறுவனொருவன் விடை கூறாது நின்றான். இருக்கச் சொன்ன பின்னர் மெல்லக் கேட்டான்: “ஐயா, நித்திரை கொள்ளேக்க இந்த நாலும் எங்க போகும்?”

உறக்கத்தைக் காட்டி உயிருண்மையை நிறுவுவதும் அம்மூன்றாஞ் சூத்திரமே. அவன் அதனைப் படித்தவனல்லன். அவனது பெயரின் எதிரே ‘மந்தம்’ என்று யான் முன்னரே எழுதி வைத்திருந்தேன்.