யானை மலிவு, அங்குசம்?



யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசுபவனைப் பார்த்து நம் முன்னோர் நகைத்தனர். இக்காலச் சந்தையிலோ யானை மலிவு. அங்குசந்தான் விலை கூடியது.

புளியங்கூடலில் ஒரு வீட்டை எண்ணிக்கொள்ளுங்கள். கனடாவிலிருந்து வந்த உறவினர் ஒரு ட்றில் மெசினை அன்பளிப்பாகத் தருகிறார். சதமும் செலவில்லை. ஆனால் அது அந்நாட்டின் 120 வோல்ட் மின்சாரத்துக்கென்று செய்யப்பட்டது, நம்முடையது 230. நேரே செருகினால் கருகிவிடும். ஆகவே ஒரு ட்ரான்ஸ்போமர் வேண்டும். பின்பு மரத்துக்கு ஓர் அலகு, இரும்புக்கு வேறொன்று, சீமெந்துச் சுவருக்கு இன்னொன்று. பற்றரியில் இயங்குவதானால், சில ஆண்டுகளில் பற்றரி தளரும். ஒரு கம்பனியின் பற்றரி மற்றக் கம்பனியின் கருவிக்குப் பெரும்பாலும் பொருந்தாது. 2022இல் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியபோது, இறக்குமதியாகும் இச்சிறு சாமான்களின் விலையும் கூடவே ஏறிற்று.

குற்றம் யாருடையது? விற்பவர் பொய் சொல்லவில்லைதான். எனினும் பாதிச் செலவைச் சொல்லி, மீதியை வாங்குபவரின் அறியாமைக்கு விடுவது நேர்மையாகாது. தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லக் கடமைப்பட்டவர். வாங்குபவருக்கும் கடமை உண்டு. கோபுரம் கட்டப் புறப்பட்டவனைப் பற்றி ஆண்டவர் சொன்ன உவமையை நீங்கள் அறிவீர்கள். கணக்குப் பார்ப்பது கஞ்சத்தனமன்று, அது விவேகம்.

ஆனால் கணக்கில் ஏறாத செலவும் ஒன்றுண்டு. முன்பு அலவாங்கு ஒரு வீட்டில் இருக்கும், ஏணி மற்ற வீட்டில் இருக்கும். இரவல் கேட்கப் போனவர் சுகமும் விசாரித்து வருவார். இன்று ஆண்டில் நாலு துளை போடுவதற்கு ஆளுக்கொரு கருவி. மற்ற நாளெல்லாம் அது துருப்பிடிக்கிறது, அயலுறவும் அப்படியே. அமெரிக்காவின் பேர்க்லி நகரப் பொது நூலகம் 1979 முதல், புத்தகங்களைப் போலக் கருவிகளையும் இரவல் கொடுத்து வருகிறது. நாம் கைவிட்ட வழக்கத்தை அவர்கள் ஒழுங்காக்கிக்கொண்டார்கள்.

"கொடுத்தால் உடைந்தல்லவா திரும்பி வருகிறது?" என்பீர்கள். நியாயமான முறைப்பாடு. இரவல் வாங்கியவர் மெசினைத் துடைத்துக் கொடுத்தால் மட்டும் போதாது; அலகைத் தேய்த்தவர் புது அலகு வாங்கி வைக்கவேண்டும். அது தயவன்று, நீதி. கொடுப்பவரின் மறைவான செலவை வாங்குபவர் உணராததனாலேயே நம்மூரில் இரவல் வழக்கம் தேய்ந்தது.

ஆகவே அடுத்த கருவியை வாங்குமுன் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இதன் அங்குசம் என்ன விலை? இந்த யானை அயல்வீட்டில் ஏற்கெனவே நிற்கிறதா?