மோப்பமும் விருந்தும்

இத்தாலியின் ரொமாஞாப் பகுதியில் லகோத்தோ என்றொரு சுருள்மயிர் நாய் உண்டு. சதுப்புகளில் வேட்டைப் பறவைகளை நீந்தி எடுத்து வந்த இனம். சதுப்புகள் வற்றியபின் மண்ணுக்கடியில் விளையும் ட்ரஃபிள் காளானைத் தேடப் பழகியது. அதை வளர்ப்பவர்கள் அயல்நாட்டு நாய்ப்பிரியர்களை விருந்துக்கு அழைக்கிறார்கள். பகலில் காட்டில் தேடல்; இரவில் காளான் சீவித் தூவிய உணவும் சாஞ்சொவேசே மதுவும். 2021-இல் யுனெஸ்கோ இத்தேடற்கலையை மரபுச் செல்வமாக ஏற்றது. பெருமை மனிதனுக்கு, கண்டெடுத்த நாய்க்கோ ஒரு துண்டு பிஸ்கோத்து!

“நாய் மகிழ்ச்சியோடுதானே தேடுகிறது?” என்பார்கள். உண்மைதான். ஆனால் அந்த மகிழ்ச்சியையே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்த்தவன் மனிதன். தான் விதைத்த ஆசையைச் சம்மதமென்று காட்டுவது, வழக்காடுபவனே தீர்ப்பும் எழுதுவது போல.

அதற்காக விருந்தை வெறுக்க வேண்டாம். மோப்பம் மங்கிய கிழநாய்க்கும் அடுப்பங்கரையில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். விருந்தளிப்பவர் உள்ளத்தை அளக்க, மேசையைவிட அந்த மூலையே நல்ல அளவுகோல்.