கட்டை விரல் யாருக்குச் சொந்தம்?

செங்கல்பட்டில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு வயதுப் பெண். அடுத்த மாதம் கீபோர்டில் கிரேடு பரீட்சை. தினமும் அரை மணி நேரம் வாசித்தவள், ஒரு வாரமாக மூன்று மணி நேரம் வாசிக்கிறாள். 'கை வலிக்குதும்மா' என்கிறாள். நீங்கள் என்ன சொல்வீர்கள்?

'வலிச்சாத்தான் வித்தை வரும். வாசி!'

நம்மூரில் வலி ஒரு தகுதிச் சான்றிதழ். உழைப்பும் வலியும் ஒன்றேதான் என்று நினைக்கிறோம். அப்படியல்ல.

லியான் ஃபிளெய்ஷர், அமெரிக்காவின் மாபெரும் பியானோ கலைஞர்களில் ஒருவர். 1964-ல், முப்பத்தாறு வயதில், அவருடைய வலது கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் தானாகவே உள்ளே மடங்க ஆரம்பித்தன. மனிதர் சும்மா இருக்கவில்லை. இன்னும் கடுமையாகப் பயிற்சி செய்தார். கை இன்னும் மோசமானது. அதன் பெயர் டிஸ்டோனியா. கோளாறு விரலில் இல்லை, விரலுக்கு மூளை போடும் உத்தரவில். சுமார் முப்பது வருடம் இடது கைக்கென்று எழுதிய இசையை வாசித்தார், மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். கடைசியில் போடாக்ஸ் ஊசி உதவியது. 2004-ல் 'டூ ஹேண்ட்ஸ்' ஆல்பம் வந்தது. 2020-ல் மறையும்வரை இளைஞர்களிடம் அவர் சொன்னது, வலியோடு வாசிக்காதீர்கள் என்பதுதான்.

செங்கல்பட்டிலிருந்து பஸ் ஏறினால் மாமல்லபுரம். அங்கே சிற்பிகளின் பட்டறையைப் பாருங்கள். கருங்கல்லில் அடித்து உளி மழுங்கினால், நெருப்பில் காய்ச்சித் தட்டிக் கூராக்குவார்கள். 'பொறுத்துக்கோ' என்று உளியிடம் யாரும் சொல்வதில்லை. காமர்ஸ் படித்தவர்களுக்குத் தெரியும், இயந்திரத்துக்குக்கூட வருடாவருடம் தேய்மானம் எழுதுவோம். கைக்கு மட்டும் எழுத மாட்டோம்.

'வலிக்குப் பயந்தால் கலை வருமா சார்?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஃபிளெய்ஷர் வளர்ந்த மனிதர். கை அவருடையது, முடிவும் அவருடையது. அந்தச் சிறுமிக்கு 'மாட்டேன்' என்று சொல்லும் உரிமை இருக்கிறதா? தன் வலியைப் பொறுப்பது தியாகம். அடுத்தவர் வலியைப் பொறுத்துக்கொள்வதற்குப் பெயர் தியாகம் இல்லை.

ஏகலைவனிடம் துரோணர் கட்டை விரலைக் கேட்டது சரியா என்று பட்டிமன்றம் நடத்துவோம். வீட்டில் நாமே துரோணராவது கண்ணில் படாது.

செய்ய வேண்டியது ரொம்ப இல்லை. பரீட்சை வருகிறதென்று பயிற்சி நேரத்தை ஒரேயடியாக ஏற்றாதீர்கள். அரை மணிக்கொரு முறை ஐந்து நிமிடம் கைக்கு ஓய்வு. டைனிங் டேபிள் மேல் கீபோர்டை வைத்தால் உயரம் அதிகம். தோள் தூக்கிக்கொள்ளும், மணிக்கட்டு மடங்கும். முழங்கை, கட்டைகளின் மட்டத்துக்கு வர வேண்டும். கை ஓய்வெடுக்கும்போது மனசுக்குள் வாசிக்கலாம், அதுவும் பயிற்சிதான். சோர்வு தூங்கி எழுந்தால் போய்விடும். வலி தங்கினாலோ, விரல் மரத்துப்போனாலோ, சொன்னபடி கேட்காவிட்டாலோ நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள்.

அதற்கெல்லாம் முன்னால் ஒன்று. 'இன்னிக்கு எவ்வளவு நேரம் வாசிச்சே?' என்று கேட்கிறீர்கள் இல்லையா? அதோடு, 'கை எப்படிம்மா இருக்கு?' என்றும் கேளுங்கள். உண்மையைச் சொன்னால் திட்டு விழாது என்று அவளுக்குத் தெரிந்தால்தான் பதில் வரும்.