படத்தின் மேல் ஒரு பெயர்

மேசையில் ஒரு புகைப்படம்.

பனித்தரை. சிவப்பு ஜெர்சி. மரமட்டை. தலைக்கவசம் இல்லாத தலை, படிய வாரிய முடி.

ழான் பெலிவோ. மாண்ட்ரியல் கனேடியன்ஸ் ஐஸ் ஹாக்கி அணியின் கேப்டன்.

*

கீழே, முழங்காலை ஒட்டி, நீல மையில் ஒரு கையெழுத்து.

நேராகப் பார்த்தால் படமும் மையும் ஒன்று. கொஞ்சம் சாய்த்தால் மை மட்டும் மினுங்குகிறது. படத்தின் மேல் இருக்கிறது. படத்துக்குள் இல்லை.

*

படத்தில் நிற்பவருக்கு முப்பது சொச்சம் வயது.

எழுதிய கை முதியவருடையது.

நிற்பவருக்கு, தன் முழங்கால் மேல் ஒருநாள் எழுதப்போகிறவரைத் தெரியாது. எழுதுபவருக்கு நிற்பவரைத் தெரியும். பெயர் இருவருக்கும் ஒன்றே.

*

மூச்சு உள்ளே போகிறது. வெளியே வருகிறது.

மேசை விளிம்பின் குளிர், மணிக்கட்டில்.

*

பெயரில் ஓர் எழுத்தும் கலையவில்லை. முழுதாகப் படிக்கலாம்.

அவருக்குக் கிறுக்கல் பிடிக்காது என்பார்கள். வரிசை எவ்வளவு நீண்டாலும் முழுப் பெயர்தான்.

விரல் அந்தக் கோட்டின் மேல், தொடாமல், நகர்கிறது. எழுதிய கைக்கும் இவ்வளவு நேரம்தான் ஆகியிருக்கும்.

*

507 கோல்கள். 1,125 ஆட்டங்கள். ஆட்டக்காரராகப் பத்து ஸ்டான்லி கோப்பைகள்.

எண்கள் வருகின்றன. போகின்றன.

படத்தில் ஒரு கோலும் இல்லை.

*

மட்டையின் அருகே பக். கறுப்பு ரப்பர் வட்டு.

ஆட்டத்துக்கு முன் அதை உறைய வைப்பார்கள். குளிர்ந்த ரப்பர் துள்ளாது. பனியோடு ஒட்டிச் சறுக்கும்.

துள்ளல் அடங்கினால்தான் வேகம்.

இந்த எண்ணம் கொஞ்ச நேரம் இருக்கிறது. பிறகு இல்லை.

*

1953க்கு முன் அவர் கியூபெக் நகரில் ஆடுகிறார். அமெச்சூர் லீக். மாண்ட்ரியல் அழைக்கிறது. அவர் அசையவில்லை. அந்த ஊர் அவருக்குப் பிடித்திருக்கிறது.

கனேடியன்ஸ் அந்த லீகையே வாங்குகிறது. தொழில்முறை லீகாக மாற்றுகிறது. இனி அவர் வந்தாக வேண்டும்.

ஓர் ஆளை நகர்த்த ஒரு லீக்.

சிரிப்பு வருகிறது. அதையும் பார்த்துக்கொண்டிருக்க முடிகிறது.

*

ஆறடி மூன்றங்குலம். நீண்ட சறுக்கல். அவரிடம் அவசரம் தெரியாது என்கிறார்கள், பார்த்தவர்கள்.

படத்தில் நிற்கிறார், அவ்வளவே. புகைப்படக்காரருக்காக முழங்கால் லேசாக மடங்கியிருக்கிறது.

*

வெளியே ஒரு வண்டி கிளம்புகிறது. தெருமுனை வரை கேட்கிறது.

*

1971. பத்தாவது கோப்பை. ஓய்வு.

அவருடைய 4ஆம் எண் ஜெர்சியை அந்த அணியில் அதன்பின் யாரும் அணிவதில்லை.

*

1994. பிரதமர் ழான் கிரெட்டியான் அவருக்கு கவர்னர் ஜெனரல் பதவி தர முன்வருகிறார். கனடாவில் அன்றைய அரசியின் பிரதிநிதி.

அவர் மறுக்கிறார். இரண்டு பேத்திகள் தகப்பனை இழந்திருக்கிறார்கள். அவர்கள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

ஏற்றிருந்தால் இதே கையெழுத்து சட்டங்களின் அடியில் விழுந்திருக்கும். இங்கே ஒரு முழங்காலின் மேல் விழுந்திருக்கிறது.

*

கையெழுத்துக்குச் சந்தை உண்டு. பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பவர்கள் உண்டு. இயந்திரம் போட்ட கையெழுத்தில் அழுத்தம் முதலிலிருந்து கடைசி வரை ஒன்றுபோல் இருக்குமாம். கை அப்படி எழுதாது.

இதில் முதல் எழுத்து அடர்த்தி. கடைசி எழுத்தில் மை மெலிகிறது.

கேட்டவர்களுக்கெல்லாம் போட்டுக்கொடுத்தவர். அதனால் அவர் கையெழுத்து அரிதல்ல. விலையும் அதற்கேற்பத்தான். சந்தை அதைக் குறையாக எண்ணுகிறது.

*

கண்கள் மூடுகின்றன.

நீலம் இருக்கிறது. மனிதர் இல்லை.

கண்கள் திறக்கின்றன.

*

2014 டிசம்பர் 2. அவர் இறக்கிறார். வயது 83.

உடல் மாண்ட்ரியலின் பெல் சென்டர் அரங்கில் வைக்கப்படுகிறது. ஆட்டம் நடக்கும் இடத்தில் மக்கள் மெல்ல நடக்கிறார்கள். மனைவி எலீஸ் வருகிறவர்களின் கையைப் பற்றுகிறார்.

9ஆம் தேதி அதே அரங்கில் ஆட்டம். எலீஸ் வந்து அமர்கிறார். அருகே பெலிவோவின் இருக்கை. யாரும் இல்லை.

அப்போது அரங்கின் இருக்கைகள் 21,287. அன்றைய வருகை 21,286 என்று அறிவிக்கிறார்கள்.

*

இல்லாத ஒருவரையும் எண்ணித்தான் கழிக்க வேண்டியிருக்கிறது.

இதை எழுதியதும் அடித்துவிடத் தோன்றுகிறது. அடிக்கவில்லை.

*

முதுகு லேசாக வலிக்கிறது. நிமிர்ந்தால் வலி இடம் மாறுகிறது.

*

மார்க்கர் மை வெயிலுக்குத் தாங்காது. படத்துக்கு முன்பே அது வெளிறிவிடும். பனித்தரையும் ஜெர்சியும் அப்போதும் இருக்கும். முழங்கால் மீண்டும் வெறும் முழங்காலாகும்.

சன்னலுக்கு எதிர்ச் சுவரில் ஓர் ஆணி இருக்கிறது. அங்கே மாலை வெயில் விழும்.

அலமாரியிலும் இடம் இருக்கிறது.